மனந்திரும்ப வேண்டியவர் யார்? நாசரேத்தும் நினிவேயும்

தூத்துக்குடிக்குத் தெற்கே, மன்னார் வளைகுடாவை ஒட்டிய சிறு நிலப்பரப்புக்குள், ஒரே மனிதருக்கு மூன்று பெயர்கள் வழங்குகின்றன. நாசரேத், சாயர்புரம், முதலூர், மெய்ஞ்ஞானபுரம் என்று சீர்திருத்தச் சபையார் வாழும் பனங்காட்டு ஊர்களில் அவர் ‘தீர்க்கதரிசி’. மணப்பாடு போன்ற கத்தோலிக்கக் கடற்கரை ஊர்களில், 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தின் வழியாக, அவர் ‘இறைவாக்கினர்’. காயல்பட்டினத்தில் அவர் ‘நபி’. இம்மூன்றில் காயல்பட்டினத்தார் சொல்லே மூலத்துக்கு மிக அருகில் நிற்பது. எபிரேயத்தின் ‘நாபி’யும் அரபியின் ‘நபி’யும் உடன்பிறந்த சொற்கள். இறைவாக்கினர் என்பது அவர் செய்யும் வேலையைச் சொல்கிறது. தீர்க்கதரிசி என்பதோ நெடுந்தொலைவு காண்பவர் என்று பொருள்படுவது. அது அவருடைய கண்ணைப் பற்றிப் பேசுகிறது. வாயைப் பற்றி ஒன்றும் சொல்வதில்லை.

மொழிபெயர்ப்பில் நேர்ந்த இச்சிறு சாய்வு நம் பகுதியில் பெரிய வேலை செய்துவிட்டது என்பது நம் எண்ணம். தொலைவில் வருவதை முன்கூட்டிக் காண்பவர் என்றால் அவரிடம் நாம் கேட்கக்கூடிய கேள்வி ஒன்றுதான்: எனக்கு என்ன நடக்கப்போகிறது? டிசம்பர் 31 நள்ளிரவு ஆராதனை முடிந்து வெளியே வருகிற ஒவ்வொரு குடும்பத்தின் கையிலும் ஒரு வாக்குத்தத்த அட்டை இருக்கிறது. அதில் அச்சிடப்பட்டிருப்பது பெரும்பாலும் ஏசாயாவோ எரேமியாவோ சொன்ன ஒரு வரி. ஆசீர்வாதம், உயர்வு, சுகம். அந்த வரிக்கு முன்னும் பின்னும் அந்த மனிதர் என்ன சொல்லிக்கொண்டிருந்தார் என்பது அட்டையில் வராது. அட்டையின் அளவு அப்படி. எரேமியாவின் மிகப் புகழ்பெற்ற ஆறுதல் மொழி, எழுபது ஆண்டுகள் அந்நிய நாட்டிலேயே கிடக்கப்போகிறீர்கள் என்று அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்டவர்களுக்கு அவர் எழுதிய கடிதத்தில் உள்ளது. கேட்டவர்களில் மிகப் பலர் அந்த எழுபது ஆண்டு முடிவதைப் பார்க்க உயிரோடு இருந்திருக்க மாட்டார்கள்.

அதே எரேமியாவின் புத்தகத்தில் அனனியா என்றொருவர் வருகிறார். அவரும் தீர்க்கதரிசிதான், அரண்மனைக்கு வேண்டியவர். இரண்டே ஆண்டுகளில் எல்லாம் சரியாகிவிடும் என்று ஆலயத்தில் மக்கள் முன்னிலையில் அறிவிக்கிறார். எரேமியா தம் கழுத்தில் மர நுகத்தைப் பூட்டிக்கொண்டு அலைந்துகொண்டிருந்த நேரம் அது. அனனியா அந்த நுகத்தைக் கழற்றி உடைத்துப் போடுகிறார். எரேமியா ஒரு சண்டையும் போடாமல், அப்படியே ஆகட்டும் என்று சொல்லிவிட்டுத் தம் வழியே போகிறார். போகுமுன் அவர் வைத்துவிட்டுப் போகிற வாதம் கூர்மையானது: பழைய தீர்க்கதரிசிகள் யுத்தத்தையும் பஞ்சத்தையும் பற்றித்தான் பேசினார்கள், சமாதானம் வரும் என்று சொல்பவனே தன் சொல்லை நிரூபிக்கக் கடமைப்பட்டவன். இன்று நம் புத்தாண்டு மேடைகளில் இந்தக் கடமையை யாரும் யார்மீதும் சுமத்துவதில்லை. பேரைச் சொன்னால் எரேமியா என்கிறோம். அட்டையில் அச்சடித்து வாங்குவதோ அனனியாவை.

இந்தக் கட்டுரையில் நாம் பேச விரும்புவது அதற்கு மறுபக்கத்தை: எச்சரிக்கை சொல்லும் தீர்க்கதரிசியை, அந்த எச்சரிக்கை யாரை நோக்கி நீள்கிறது என்பதை. அதற்கு யோனாவைப் போல் பொருத்தமான ஆள் இல்லை.

யோனாவின் கதை எல்லோருக்கும் தெரியும், அதாவது மீன் எல்லோருக்கும் தெரியும். காயல்பட்டினத்தார் யூனுஸ் நபியை அறிவார்கள். ஞாயிறு பள்ளிக்கூடப் பிள்ளைகள் மீன் வாயைத் திறந்திருக்கும் படத்துக்கு வண்ணம் தீட்டியிருக்கிறார்கள். (யோனா ஓடிப்போக நினைத்த தர்ஷீசு எது என்பதில் அறிஞரிடையே ஒற்றுமையில்லை. சாலொமோனின் தர்ஷீசுக் கப்பல்கள் கொண்டுவந்த மயில்களுக்கான எபிரேயச் சொல்லில் நம் ‘தோகை’ ஒளிந்திருப்பதாகக் கால்டுவெல் வாதிட்டதை மட்டும் இங்கே போகிற போக்கில் நினைவுகூர்வோம்.) மீனைத் தாண்டினால்தான் நூலின் மையம் வருகிறது. நினிவே நகருக்குள் நடந்துபோய் யோனா சொல்லும் செய்தி எபிரேய மூலத்தில் ஐந்தே சொற்கள். இன்னும் நாற்பது நாள், நினிவே கவிழ்ந்துவிடும். ‘ஆனால்’ இல்லை, ‘இல்லாவிட்டால்’ இல்லை, மனந்திரும்புங்கள் என்ற அழைப்புக்கூட இல்லை.

அந்த ஐந்தாவது சொல் கவனிக்கத்தக்கது. சோதோம் அழிந்ததைச் சொல்லப் பயன்பட்ட அதே வினையடி அது. ஆனால் தலைகீழாகப் புரட்டப்படுவதை மட்டுமல்ல, ஒன்று வேறொன்றாக மாறுவதையும் அது குறிக்கும். நினிவே கவிழும் என்றும் கொள்ளலாம், நினிவே மாறும் என்றும் கொள்ளலாம். யூத அறிஞர் மரபு இந்த இரட்டைப் பொருளைப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே கண்டு சொல்லியிருக்கிறது. தமிழ் மொழிபெயர்ப்பு ஒரு பொருளைத்தான் பிடித்தது. அதைக் குறையென்று சொல்ல முடியாது, இரண்டையும் ஒரே சொல்லில் பிடிப்பது எளிதன்று. ‘புரளுதல்’ என்றிருந்தால் ஓரளவு நெருங்கியிருக்கலாமோ என்னவோ.

நாற்பது நாள் கழிகிறது. நகரம் நின்றுகொண்டிருக்கிறது. யோனாவுக்குக் கோபம் வருகிறது. செத்துப்போவது நல்லது என்கிறார். ஜோதிடர் என்ற கணக்கில் பார்த்தால் அவருடைய கோபம் நியாயமானது, அவர் சொன்னது பலிக்கவில்லை. தீர்க்கதரிசி என்ற கணக்கில் பார்த்தால் வேதாகமம் முழுவதிலும் அவரைப்போல் வெற்றி பெற்றவர் யாருமில்லை. ஏசாயாவின் பேச்சையும் எரேமியாவின் பேச்சையும் சொந்த ஊரார் கேட்கவில்லை. இவர் ஐந்து சொல் சொன்னார், அந்நியப் பேரரசு ஒன்றின் மாநகரம் முழுவதும் கேட்டது. எச்சரிக்கையின் இலக்கணமே இதுதான். பொய்யாகிப்போவதற்காகவே சொல்லப்படும் வாக்கு அது. பலித்துவிட்டால் சொன்னவன் தோற்றான் என்று பொருள்.

இதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு நம் அண்டையிலேயே ஒரு வரலாறு உண்டு. தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்தவரான யுஸ்துஸ் யோசேப்பு, திருவிதாங்கூரில் பெரிய எழுப்புதல் ஒன்றின் தலைவராக விளங்கியவர். 1881இல் கிறிஸ்து திரும்பி வருவார் என்று நாள் குறித்து எதிர்பார்த்தது அவருடைய கூட்டம். 1881 வந்தது, போனது. அந்த ஆண்டோடு அவ்வெழுப்புதலின் வேகம் உடைந்தது. நாள் குறித்தவர்களை நாம் ஏளனம் செய்யவில்லை. அவர்களுடைய தாகம் உண்மையானது. ஆனால் அங்கே சொல் பலிப்பதையே எல்லாம் நம்பியிருந்தது. பலிக்காதபோது கையில் எதுவும் மிஞ்சவில்லை. அதே கேரளத்தில் சிரியன் மரபுச் சபைகள் நினிவேயின் நினைவாக மூன்று நாள் நோன்பை இன்றும் நோற்கின்றன. குறவிலங்காட்டில் அந்நோன்புக் காலத்தில் ஒரு கப்பலைத் தோளில் சுமந்து பவனி வருகிறார்கள். பலிக்காமற்போன ஒரு வாக்கை ஆண்டுதோறும் விழாவாகக் கொண்டாடுகிறவர்கள் அவர்கள். நம் தென்பாண்டிச் சீமைச் சபைகளுக்கு அந்த நோன்பு வந்து சேராதது இழப்பு என்றே தோன்றுகிறது.

இனி ‘மனந்திரும்புதல்’ என்ற சொல். புதிய ஏற்பாட்டின் கிரேக்கச் சொல் மனத்தின் மாற்றத்தைக் குறிப்பது. திருவிவிலியம் ‘மனம் மாறுங்கள்’ என்று மொழிபெயர்த்தது அதற்கு நேரானது. ஆனால் பழைய ஏற்பாட்டின் எபிரேயச் சொல் கால்களைச் சேர்ந்தது; போன வழியிலிருந்து திரும்புவது, விட்டுவந்த இடத்துக்கு மீண்டு செல்வது. நம் பழைய வேதாகமத்தின் ‘மனந்திரும்புங்கள்’ கிரேக்கத்தின் மனத்தையும் எபிரேயத்தின் திரும்புதலையும் ஒரே சொல்லில் கட்டிவிட்டது. மிஷனரிகளும் அவர்களோடு உட்கார்ந்த தமிழ் முன்ஷிகளும் செய்த நல்ல காரியங்களில் இதுவும் ஒன்று. அதே யோனாவின் நூலில் நினிவே திரும்பியதைக் கண்ட கடவுளும் தம் தீர்மானத்திலிருந்து திரும்புகிறார். அதற்கு நம் மொழிபெயர்ப்பு வைத்த சொல் ‘மனஸ்தாபம்’. இன்றைக்கு அச்சொல் சம்பந்தி வீட்டாரோடு பேச்சுவார்த்தை நின்றுபோனதைக் குறிப்பதாகிவிட்டதால், அப்பகுதியை வாசிக்கும் இளைஞர்கள் கடவுளுக்கும் நினிவேக்கும் ஏதோ சண்டை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

நினிவே எப்படித் திரும்பியது? முதலில் ஜனங்கள் நம்பி உபவாசம் கூறுகிறார்கள். பிறகு செய்தி ராஜாவை எட்டுகிறது. அவன் சிங்காசனத்தை விட்டு இறங்குகிறான், உடுத்தியிருந்ததைக் கழற்றுகிறான், இரட்டு உடுத்திச் சாம்பலில் உட்காருகிறான். அதற்குப் பிறகுதான் கட்டளை போடுகிறான். கட்டளையில் உபவாசமும் இரட்டும் இருக்கின்றன, ஆடுமாடுகளுக்கும் சேர்த்தே. ஆனால் விட்டுவிட வேண்டியது எது என்று சொல்லுமிடத்தில் அவரவர் கையில் உள்ள கொடுமை என்று வருகிறது. வாயில் உள்ள கெட்ட வார்த்தையோ கண்ணில் உள்ள இச்சையோ அன்று. அசீரியப் பேரரசின் தலைநகரில் ‘கையில் உள்ள கொடுமை’ என்றால் என்ன என்பதை அதனால் மிதிபட்ட சிறு நாட்டைச் சேர்ந்த யோனா நன்கு அறிவார். அவர் கோபத்துக்கு அதுவும் காரணம்.

இதை வகுப்பில் சிலப்பதிகாரத்தோடு சேர்த்துப் பேச நமக்கு எப்போதும் ஆவலுண்டு. பாடத்திட்டம் இடம் கொடுப்பதில்லை. மதுரைக்கு எச்சரிக்கை வந்தது, கனவாக. கோப்பெருந்தேவி தீய கனவு கண்டு அரசனிடம் சொல்லிக்கொண்டிருக்கும்போதே கண்ணகி வாயிலுக்கு வந்துவிடுகிறாள். அந்தக் கனவில் ‘இன்னும் நாற்பது நாள்’ இல்லை. நடந்த தவற்றைத் திருத்த ஒரு நாழிகைகூட இல்லை; கோவலன் ஏற்கெனவே வெட்டுண்டு கிடக்கிறான். நெடுஞ்செழியன் தன் குற்றத்தை உணர்ந்த கணமே உயிர் விடுகிறான். அரசன் தன் குற்றத்தைத் தானே சுமந்தான், அந்த அளவில் அவன் நினிவே ராஜாவுக்குக் குறைந்தவனல்லன். குறைந்தவன் அடுத்து வருபவன். நாசரேத்திலிருந்து வடகிழக்கே, தாமிரபரணியைக் கடந்தால் சில மைலில் கொற்கை. பாண்டி நாட்டில் மழை பொய்த்து வறுமையும் வெப்பு நோயும் பரவியபோது, கொற்கையில் இருந்த வெற்றிவேற்செழியன் கண்ணகியின் சினம் தணிக்கப் பரிகாரம் செய்தான் என்கிறது காப்பியம். ஆயிரம் பொற்கொல்லர்களைப் பலியிட்டான்.

கோவலனைச் சிக்கவைத்தவன் ஒரு பொற்கொல்லன். தீர விசாரியாமல் ஆணையிட்டது ஓர் அரசன். பரிகாரத்தில் அரச குலத்தின் பங்கு பலியிடும் கத்தியைப் பிடித்தது மட்டும். பின் மழை பெய்தது, நாடு செழித்தது என்று காப்பியம் மேலே செல்கிறது. உரையாசிரியர்களும் மேலே செல்கிறார்கள். அந்த ஆயிரவரில் ஒருவருக்காவது கோவலன் பெயர் தெரிந்திருக்குமா என்று கேட்பாரில்லை. சிங்காசனத்திலிருந்து இறங்கிச் சாம்பலில் உட்காருவது ஒரு வகை. சிங்காசனத்திலேயே இருந்துகொண்டு வேறொரு சாதியாரைச் சாம்பலாக்குவது இன்னொரு வகை. இரண்டையுமே மனிதர்கள் ‘தெய்வ கோபம் தணித்தல்’ என்றுதான் அழைக்கிறார்கள்.

நாசரேத்தின் சொந்த வரலாற்றில் இந்தக் கேள்வி பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே எழுந்தது. எழுப்பியவர் அருமைநாயகம் என்ற சட்டாம்பிள்ளை. நாசரேத்தில் உபதேசியாராக இருந்து, மிஷனரியோடு மோதி, ஊழியத்தை விட்டு வெளியேறியவர். கால்டுவெல் 1849இல் ஆங்கிலத்தில் வெளியிட்ட, திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றிய சிறுநூல் இடையில் அவர் கைக்கு எட்டியது. ஒப்பிலக்கணத்தால் தமிழுக்கு 1856இல் தலைநிமிர்வு தந்த அதே கை, ஏழாண்டு முன்பு, தான் மேய்க்க வந்த மந்தையைப் பற்றி, அவர்கள் இலங்கையிலிருந்து வந்தேறியவர்கள் என்றும் பேய்களை வழிபடும் மந்த புத்திக்காரர்கள் என்றும் இங்கிலாந்து வாசகர்களுக்கு எழுதியிருந்தது. அந்த நூல் மிஷனுக்கு ஆதரவு திரட்ட எழுதப்பட்டது. இங்குள்ளவர்கள் அதை வாசிப்பார்கள் என்று ஆசிரியர் எண்ணியிருக்க மாட்டார். சட்டாம்பிள்ளை வாசித்தார், ஊர் ஊராகச் சொல்லவும் செய்தார். 1857இல் நாசரேத்து மிஷனிலிருந்து ஒரு பெருங்கூட்டம் பிரிந்தது. நாசரேத்துக்கு அருகே, பிற்காலத்தில் பிரகாசபுரம் என்று பெயர் பெற்ற இடத்தில், ஐரோப்பியக் காசும் ஐரோப்பியக் குருவும் இல்லாத சபை ஒன்றை அவர்கள் அமைத்தார்கள். அதற்கு வைத்த பெயரில் ‘இந்து’ என்ற சொல்லும் இயேசுவின் பெயரும் சேர்ந்தே இருந்தன.

அவர் செய்த காரியத்தின் உட்பொருளை நாம் இப்படிப் புரிந்துகொள்கிறோம். அதுவரை நாசரேத்தில் மனந்திரும்புதல் என்பதற்குத் திசை ஒன்றுதான். பிரசங்க பீடத்திலிருந்து தரையில் அமர்ந்திருப்பவர்களை நோக்கி. ஐயர் அழைப்பார், பனையேறியின் குடும்பம் தன் பழைய வழிகளை விட்டுத் திரும்பும். சட்டாம்பிள்ளை பழைய ஏற்பாட்டை எடுத்துவைத்துக்கொண்டு கேட்டார்: இதில் ஓய்வு நாள் சனிக்கிழமை, உங்களுடையது ஏன் ஞாயிறு? இதில் தூபம் இருக்கிறது, சாஷ்டாங்கமாக விழுந்து வணங்குதல் இருக்கிறது, தீட்டு விதிகள் இருக்கின்றன. இவையெல்லாம் எங்கள் வழக்கங்களுக்கு அருகில் இருக்கின்றன, உங்கள் வழக்கங்களுக்கு அன்று. வேதத்தை விட்டு விலகிப் போனவர்கள் நீங்கள், திரும்ப வேண்டியவர்களும் நீங்கள். விரல் முதன்முறையாகத் தரையிலிருந்து பீடத்தை நோக்கி நீண்டது. மிஷனரிகள் தம் கையால் கொடுத்த புத்தகத்தைக் கொண்டே அவர்களை நோக்கி நீண்டது.

இதற்காகச் சட்டாம்பிள்ளையை எல்லாவற்றிலும் ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவர் லேவியராகமத்தில் நின்ற அளவுக்கு ஆமோசில் நிற்கவில்லை என்பது நம் துணிபு. ஓய்வு நாளையும் அமாவாசையையும் தூபத்தையும் மீட்டெடுத்தவர், அதே ஓய்வு நாளையும் அமாவாசையையும் தூபத்தையும் கைகளில் இரத்தம் இருக்கும்வரை எனக்குச் சகிக்காது என்று ஏசாயாவின் வாயால் சொல்லப்பட்டதை என்ன செய்தார்? அவமதிக்கப்பட்ட தம் மக்களின் மானத்துக்காக எழுந்தது அவர் சபை. அந்த அவமதிப்பு உண்மை, அந்தச் சினமும் நியாயம். ஆனால் அது பெரிதும் ஒரே சமூகத்தாரின் சபையாக நின்றுவிட்டது. தமக்கு மேலே இருந்தவர்களிடம் கேட்ட கேள்வியைத் தமக்குக் கீழே வைக்கப்பட்டவர்கள் தம்மிடம் கேட்க அது வாசல் திறந்து வைக்கவில்லை. எனினும் அவர் எழுப்பிய கேள்வியின் திசையை நாசரேத்து மறந்திருக்க வேண்டியதில்லை. பள்ளிகளும் கைத்தொழிற்கூடமும் கண்ட மர்காஷிஸ் ஐயரின் பெயர் ஊரில் நிலைத்திருக்கிறது, அது தகும். சட்டாம்பிள்ளை ஆய்வாளர்களின் அடிக்குறிப்புகளில் நிலைத்திருக்கிறார்.

விரல் மறுபடியும் பழைய திசைக்கே போய்விட்டது. நம் ஊர்களில் சுவரிலும் மின்கம்பத்திலும் பாறையிலும் ‘மனந்திரும்புங்கள்’ என்று எழுதியிருக்கிறது. எழுப்புதல் கூட்டங்களின் ஒலிபெருக்கி இரவு பத்து மணிவரை அதையே சொல்கிறது. எதிலிருந்து என்று கேட்டால் பட்டியல் தயார்: குடி, சினிமா, தொலைக்காட்சித் தொடர், சில கூட்டங்களில் நகையும் பூவும். இவை கூலிக்காரனும் அவன் மனைவியும் விடக்கூடியவை. வரதட்சணையை விட்டு மனந்திரும்புங்கள் என்று எழுதிய ஒரு சுவரை நாம் இன்னும் பார்க்கவில்லை. வட்டியை விட்டு என்றும் இல்லை. மேடையில் அமர்ந்திருப்பவர்கள் இறங்குவதற்கு ஒரு படி வைக்கப்பட்டிருக்கிறது; அது கூட்டம் முடிந்ததும் காருக்குப் போவதற்கு. இன்னொரு குறையும் உண்டு. அழைப்பு எப்போதும் தனி மனிதனுக்கு. 1894இல் வெளிவந்த இரட்சணிய யாத்திரிகம், பனியனின் ஆங்கில நூலைத் தழுவி கிருஷ்ண பிள்ளை நமக்குத் தந்த பெருங்காப்பியம். அதன் நாயகன் அழிவுக்கு உரிய நகரத்தை விட்டுத் தப்பி ஓடுகிறவன். கம்பனின் நடையை உள்வாங்கிய அந்நூலின் அழகு வேறு. இங்கே சொல்ல வருவது, நம் கிறிஸ்தவ மனத்தில் பதிந்தது தப்பி ஓடுகிற அந்த ஒருவனின் உருவம்தான் என்பது. நினிவேயில் யாரும் ஓடவில்லை. ஊர் ஊராகவே திரும்பியது, மாடுகள் உட்பட.

ஊர் ஊராகத் தண்டிக்கப்பட்டது என்று பேச மட்டும் நமக்குத் தயக்கமில்லை. 2004 டிசம்பர் 26 ஆழிப்பேரலைக்குப் பின் இது தேவனுடைய நியாயத்தீர்ப்பு என்ற பேச்சு பல மேடைகளில் கேட்டது. இறந்தவர்களில் வேளாங்கண்ணிக்குக் கிறிஸ்துமஸ் காலத்தில் வந்திருந்த யாத்திரிகர்கள் எத்தனை பேர்! சீலோவாமில் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்ததைப் பற்றி இயேசு சொன்னதை அந்த மேடைகள் முழுதாக வாசிக்கவில்லை. செத்தவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் என்று எண்ணாதீர்கள் என்கிறார் அவர். அதே மூச்சில், கேட்டுக்கொண்டிருப்பவர்களைப் பார்த்து, நீங்கள் திரும்புங்கள் என்கிறார். விபத்து இறந்தவனைப் பற்றிய தீர்ப்பு அன்று, உயிரோடு நிற்பவனிடம் கேட்கப்படும் கேள்வி.

அந்தக் கேள்வி 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் நம் வாசலுக்கே வந்தது. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை. குளங்கள் உடைந்தன, தாமிரபரணி ஏரலையும் ஸ்ரீவைகுண்டத்தையும் சுற்றி வளைத்தது, திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட ரயில் ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் எண்ணூறு பயணிகளோடு நின்றது. அத்தனை மழையை எந்தக் குளமும் தாங்காது என்பது உண்மை. தூர்ந்த குளமும் ஆக்கிரமிக்கப்பட்ட ஓடையும் அதிலும் குறைவாகவே தாங்கும் என்பதும் உண்மை. மழை இயற்கையுடையது, குளக்கரை நம்முடையது.

நதியைப் பற்றி எச்சரிக்கை சொல்ல ஆள் இல்லாமற்போகவில்லை. ஸ்ரீவைகுண்டத்துக்காரரான பொதுவுடைமைத் தலைவர் நல்லகண்ணு, தாமிரபரணியில் மணல் அள்ளுவதை எதிர்த்து உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளையில் வழக்குத் தொடுத்துத் தாமே வாதாடினார். 2010இல் நீதிமன்றம் தடை விதித்தது. கடவுள் பெயரைச் சொல்லாமல் அவர் செய்த அந்தக் காரியத்துக்கு எபிரேய மொழியில் என்ன பெயர் என்று வேதம் கற்றவர்களே சொல்லட்டும். தடைக்குப் பின்னும் மணல் போய்க்கொண்டிருந்தது. 2023 ஏப்ரல் 25 அன்று முறப்பநாடு கோவில்பத்தின் கிராம நிர்வாக அலுவலர், மணல் கடத்தலைப் பற்றிப் புகார் கொடுத்ததற்காக, தம் அலுவலகத்துக்குள்ளேயே வெட்டிக் கொல்லப்பட்டார். வெள்ளம் வந்தது அதற்கு எட்டு மாதம் கழித்து. ஒன்றுக்கு மற்றது தண்டனை என்று சொல்லி மேடைக்காரர்களின் தவற்றையே நாமும் செய்யப்போவதில்லை. எச்சரித்தவரை ஒரு நாடு என்ன செய்கிறது என்பதை வைத்து அந்த நாட்டைத் தீர்க்கதரிசிகள் அளந்தார்கள் என்பதை மட்டும் சொல்கிறோம். இந்த முப்பது நாற்பது ஆண்டுகளில் நம் ஊர்களில் எழுந்த மாடி வீடுகளுக்கும் கல்லூரிக் கட்டடங்களுக்கும் கோயில் கோபுரங்களுக்கும் மணல் எங்கிருந்தோ வந்தது.

ஆமோஸ் ஊழியக்காரர் குடும்பத்தில் பிறந்தவரல்லர். ஆடு மேய்த்தவர், காட்டத்தி மரத்தோடு பிழைப்பு நடத்தியவர். நம் மொழிபெயர்ப்பு அவரைக் காட்டத்திப் பழம் ‘பொறுக்குகிறவன்’ என்கிறது. மூலச்சொல் காயைக் கீறிப் பழுக்கவைக்கும் வேலையைக் குறிப்பதாகப் பலர் கருதுகிறார்கள். பாளை சீவத் தெரிந்த ஊரில் இதற்கு விளக்கம் தேவையில்லை. அவர் நியாயத்தை ஒப்பிட்டது வற்றாமல் ஓடும் ஆற்றுக்கு. அவர் வாழ்ந்த வறண்ட நாட்டில் அப்படிப்பட்ட ஆறு அரிது. நமக்கு ஒன்று இருக்கிறது, பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடல் சேர்வது. ராஜாவின் ஆலயம் இருந்த பெத்தேலுக்குப் போய் அவர் பேசியபோது, அங்கிருந்த ஆசாரியன் அமத்சியா முதலில் அரசனுக்குத் தகவல் அனுப்பினான். பிறகு ஆமோசைக் கூப்பிட்டு, இது அரசனுடைய ஸ்தலம், உன் ஊருக்குப் போய்ப் பிழைத்துக்கொள் என்றான். மரியாதைக் குறைவாகச் சொல்லவில்லை. நிர்வாகத்தில் இருப்பவர்கள் சொல்வது போலத்தான் சொன்னான்.

வரும் லெந்து நாட்களில் நம் சேகரங்களில் அந்த ஏழாம் அதிகாரத்தை ஒரு முறை வாசிக்கலாம். ஆமோசின் பகுதியை வாசிக்க ஆள் கிடைத்துவிடும். அமத்சியாவின் பகுதியை யார் வாசிப்பது என்பதைக் கமிட்டி முன்கூட்டியே கூடி முடிவு செய்துகொள்வது நல்லது.